தீர்க்கதரிசனப் புத்தகங்களை முதன்முறையாக வாசிக்கத் தொடங்குவோருக்கு: ஒரு நடைமுறை வழிகாட்டி

இருபது வயதில் நான் கலந்துகொண்ட ஒரு தீர்க்கதரிசனக் கூட்டத்தில், மேடையின் அகலத்துக்கு ஒரு கால அட்டவணை தொங்கவிடப்பட்டிருந்தது. உலகத்துக்கு இன்னும் சில ஆண்டுகளே மீதியிருக்கின்றன என்று பிரசங்கியார் கணக்குப் போட்டுக் காட்டினார். அதை நம்பி, சேரவிருந்த படிப்பைக் கைவிட்டேன். செய்தியில் போர் என்றோ நிலநடுக்கம் என்றோ கேட்டால் அன்று இரவு உறக்கம் வராது. அவர் குறிப்பிட்ட ஆண்டுகள் கடந்து சென்றபின், ஏமாற்றத்தில் வேதாகமத்தின் தீர்க்கதரிசனப் புத்தகங்களாகிய தானியேலையும் வெளிப்படுத்தின விசேஷத்தையும் நெடுங்காலம் திறக்கவே இல்லை. இரண்டுமே தவறு என்பது, சபையில் மூத்த சகோதரி ஒருவர் என்னிடம், "எரேமியா 29ஐப் பதினோராம் வசனத்திலிருந்து வாசிக்காதீர்கள் தம்பி, முதல் வசனத்திலிருந்து வாசியுங்கள்" என்று சொன்ன பிறகுதான் எனக்குப் புரியத் தொடங்கியது. நான் வீணாக்கிய ஆண்டுகள் உங்களுக்கு மிச்சமாக வேண்டும் என்ற விருப்பத்தோடு, அதன்பின் நான் கற்றுக்கொண்ட வழிமுறையை இங்கே வரிசையாகத் தருகிறேன்.

1. தேவையானவற்றை முதலில் சேர்த்துக்கொள்ளுங்கள்

இரண்டு மொழிபெயர்ப்புகளும் ஒரு நோட்டுப் புத்தகமும் போதும். சபைகளில் பெரும்பாலும் வாசிக்கப்படும் பழைய மொழிபெயர்ப்பு ஒன்றும், 1995இல் வெளிவந்த திருவிவிலியம் போன்ற பிற்கால மொழிபெயர்ப்பு ஒன்றும் அருகருகே இருந்தால், ஒன்றில் இருண்டிருக்கும் வாக்கியம் மற்றதில் பெரும்பாலும் தெளிந்துவிடும். சொற்கள் மாறியிருப்பதைக் கண்டு குழம்ப வேண்டாம்: ஒன்றில் தீர்க்கதரிசி எனப்படுபவரே மற்றதில் இறைவாக்கினர்; வெளிப்படுத்தின விசேஷமே திருவெளிப்பாடு. ஒரே பொருள் எங்கெங்கே வருகிறது என்று தேடுவதற்கு, கன்கார்டன்ஸ் எனப்படும் ஒத்தவாக்கிய நூல் உதவும். கைப்பேசியில் இலவசமாகக் கிடைக்கும் வேதாகமச் செயலிகளின் தேடல் வசதியே தொடக்கத்துக்குப் போதுமானது.

செலவைப் பற்றி ஒரு வார்த்தை. முதல் நான்கு மாதங்களுக்கு எந்த விளக்கவுரையையும், குறுந்தகடுத் தொகுப்பையும், கால அட்டவணையையும் விலைகொடுத்து வாங்காதீர்கள். நான் அலமாரி நிறைய வாங்கினேன். அவற்றில் பெரும்பாலானவை வேதவசனங்களைவிட அன்றைய செய்திகளையே அதிகமாக மேற்கோள் காட்டியவை என்பதால், ஓரிரு ஆண்டுகளிலேயே பயனற்றுப் போயின. மூல நூலை நீங்களே வாசித்து முடித்தபின் ஒரு நல்ல விளக்கவுரையைத் தேர்ந்தெடுத்தால், அதன் தரத்தை எடைபோடும் திறன் உங்களுக்கு அதற்குள் வந்திருக்கும்.

2. வாசிக்கும் வரிசையையும் காலத்தையும் தீர்மானியுங்கள்

புதியவர்கள் செய்யும் மிகப் பெரிய பிழை, வெளிப்படுத்தின விசேஷத்திலிருந்து தொடங்குவதுதான். அந்தப் புத்தகத்தின் 404 வசனங்களிலும் பழைய ஏற்பாட்டின் எதிரொலிகள் நூற்றுக்கணக்கில் நிறைந்திருக்கின்றன. தானியேலையும் எசேக்கியேலையும் சகரியாவையும் அறியாதவருக்கு அது திறவுகோல் இல்லாத வீடு. நான் பரிந்துரைக்கும் வரிசை இது: ஆபகூக், ஆகாய், எரேமியா 27 முதல் 33 வரை, ஏசாயா 40 முதல் 55 வரை, தெசலோனிக்கேயருக்கு எழுதப்பட்ட இரண்டு நிருபங்கள், தானியேல், சகரியா, இறுதியாக வெளிப்படுத்தின விசேஷம். மொத்தம் 84 அதிகாரங்கள்.

நாளுக்கு ஒன்றாகப் பன்னிரண்டு வாரங்களில் முடித்துவிடலாம் என்று தோன்றும். அப்படி ஓடாதீர்கள். வாரத்தில் ஐந்து நாள் புதிய அதிகாரங்கள், இரண்டு நாள் அந்த ஐந்தையும் மறுபடி வாசிப்பது என்று வைத்துக்கொண்டால் ஏறத்தாழ பதினேழு வாரங்கள் ஆகும். ஒரு நாளுக்கு அரைமணி நேரம் ஒதுக்குங்கள், அதையும் படுக்கைக்குச் செல்லும் நேரத்தில் வேண்டாம். நியாயத்தீர்ப்பின் காட்சிகளைக் களைத்த மனதோடு வாசித்துவிட்டு உறங்கச் செல்வது எனக்குப் பெரும் கெடுதலாக இருந்தது.

ஆபகூக்கை முதலில் வைத்ததற்குக் காரணம் உண்டு. அது மூன்றே அதிகாரங்கள் கொண்டது, "எதுவரைக்கும்?" என்று தேவனிடம் முறையிடும் ஒரு மனிதனின் குரலில் தொடங்குவது, அத்திமரம் துளிர்விடாமற்போனாலும் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன் என்று முடிவது. இடையில் அவர் கேட்ட கேள்விக்கு அவர் விரும்பிய பதில் கிடைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். தீர்க்கதரிசன நம்பிக்கை என்பது எத்தகையது என்பதை இதைவிடச் சுருக்கமாக வேறெங்கும் கற்றுக்கொள்ள முடியாது.

3. ஒவ்வொரு பகுதியிடமும் நான்கு கேள்விகளைக் கேளுங்கள்

நோட்டுப் புத்தகத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் இந்த நான்கையும் எழுதிவிட்டு வாசிக்கத் தொடங்குங்கள். இதை யார், யாருக்கு, எந்த நிலைமையில் சொன்னார்? கேட்டவர்கள் உடனே என்ன செய்யும்படி எதிர்பார்க்கப்பட்டார்கள்? இதில் ஏற்கெனவே நிறைவேறியது எது? இது தேவனுடைய குணத்தைப் பற்றி என்ன சொல்கிறது? "இது எப்போது நடக்கும்?" என்ற கேள்வி இந்தப் பட்டியலில் இல்லை. அதை வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறேன்.

எரேமியா 29ஐ எடுத்துக்கொண்டு இதைச் செய்து பார்ப்போம். "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்" என்ற பதினோராம் வசனம் வாழ்த்து அட்டைகளிலும் காலண்டர்களிலும் அச்சாகிறது. ஆனால் முதல் வசனத்திலிருந்து வாசித்தால், அது ஒரு கடிதம் என்பது தெரியவரும். கி.மு. 597இல் யூதாவின் ராஜாவாகிய எகோனியாவோடு பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு, எருசலேமில் இருந்த எரேமியா எழுதிய கடிதம் அது. இரண்டே வருடங்களில் எல்லாரும் திரும்பிவிடலாம் என்று அனனியா என்பவர் முந்தின அதிகாரத்தில் கர்த்தரின் பெயரால் அறிவிக்கிறார். ஜனங்களுக்கு அது எத்தனை இனிப்பாக இருந்திருக்கும்! எரேமியாவோ எழுபது வருடம் என்று எழுதுகிறார். கடிதத்தைக் கேட்ட பெரியவர்களில் பெரும்பாலோர் பாபிலோனிலேயே இறந்துபோவார்கள் என்பதே அதன் பொருள். திரும்பிச் செல்லும் நாளைக் கண்ணால் காணப்போகாதவர்களிடம்தான் "நம்பிக்கை" என்ற சொல் பேசப்படுகிறது.

இரண்டாம் கேள்விக்கு வாருங்கள். அவர்கள் என்ன செய்ய வேண்டும்? வீடு கட்டுங்கள், தோட்டம் வையுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்துவையுங்கள், நீங்கள் சிறைப்பட்டிருக்கும் அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி அதற்காக ஜெபம் செய்யுங்கள் என்கிறது கடிதம். இதைப் படித்தபோது நான் கைவிட்ட படிப்பு நினைவுக்கு வந்தது. கர்த்தருடைய வார்த்தையின் பெயரால் என்னிடம் சொல்லப்பட்டது, அந்த வார்த்தை தன் முதல் வாசகர்களிடம் கேட்டதற்கு நேர் எதிரானதாக இருந்தது.

மூன்றாம் கேள்வி: கி.மு. 539இல் பாபிலோன் பெர்சிய ராஜாவாகிய கோரேசின் கையில் விழுந்தது. அதன்பின் யூதர்கள் திரும்பிச் செல்ல அனுமதி பெற்றார்கள். ஆக, இந்த வாக்குத்தத்தம் தன் முதல் பொருளில் நிறைவேறிவிட்டது. நான்காம் கேள்வி: தேவன் தம் ஜனங்களைத் தண்டித்த இடத்திலேயே அவர்களை நினைவில் வைத்திருப்பவர். இந்த நான்காவது பதில்தான் காலம் கடந்து உங்களுக்கும் எனக்கும் வந்துசேர்கிறது. பதினோராம் வசனத்தை உங்கள் வீட்டில் மாட்டிவைக்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. அதன் அருகில் ஐந்தாம் வசனத்தையும் ஏழாம் வசனத்தையும் சேர்த்து மாட்டுங்கள்.

இன்னொரு சிறிய தகவல்: அந்த வசனத்தில் எதிர்பார்ப்பைக் குறிக்கும் எபிரெயச் சொல் "திக்வா". எரிகோவில் ராகாப் தன் ஜன்னலில் கட்டிவைத்த சிவப்பு நூற்கயிற்றுக்கும் யோசுவாவின் புத்தகத்தில் இதே ஒலியுள்ள சொல்தான் வருகிறது. பிடித்துக்கொள்ளும் ஒன்றாக நம்பிக்கையை எண்ணிப் பார்க்க இது எனக்கு உதவியது.

4. நிறைவேறியதையும் காத்திருப்பதையும் பிரித்து எழுதுங்கள்

நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் இரண்டு பத்திகளை வரையுங்கள்: முதலாவது நிறைவேறியதற்கு, இரண்டாவது இன்னும் காத்திருப்பதற்கு. மீகா 5:2இல் வரும் பெத்லகேம் மத்தேயு 2இல் மேற்கோள் காட்டப்படுவதால் முதல் பத்தியில் வரும். ஏசாயா 53 பற்றி எத்தியோப்பிய மந்திரி "தீர்க்கதரிசி யாரைக்குறித்து இதைச் சொல்லுகிறார்?" என்று கேட்டதும், பிலிப்பு அங்கிருந்தே தொடங்கி இயேசுவை அறிவித்ததும் அப்போஸ்தலர் 8இல் உள்ளன, அதுவும் முதல் பத்தி. புதிய வானமும் புதிய பூமியும், மரித்தோரின் உயிர்த்தெழுதலும் இரண்டாம் பத்தி.

சில பகுதிகள் ஒரே வசனத்துக்குள் இரண்டு பத்திகளுக்கும் உரியவையாக இருக்கும். நாசரேத்து ஜெப ஆலயத்தில் இயேசு ஏசாயா 61ஐ வாசித்தபோது, "கர்த்தருடைய அநுக்கிரக வருஷம்" என்ற இடத்தில் புஸ்தகத்தைச் சுருட்டிவிட்டு, "இந்த வேதவாக்கியம் இன்றையத்தினம் உங்கள் காதுகள் கேட்க நிறைவேறிற்று" என்றார். ஏசாயாவில் அதற்கு அடுத்தாற்போல் வருவது "நீதியைச் சரிக்கட்டும் நாள்". அவர் நிறுத்திய இடத்தில் நீங்களும் பென்சிலால் ஒரு கோடு இடுங்கள்.

எச்சரிப்புகள் சில மனந்திரும்புதலைப் பொறுத்தவை என்பதையும் மறவாதீர்கள். நாற்பது நாளில் நினிவே கவிழ்க்கப்படும் என்று யோனா அறிவித்தார். ஜனங்கள் மனந்திரும்பினார்கள், நகரம் தப்பியது. எரேமியா 18:7-10 இந்த விதியைத் தெளிவாகவே சொல்கிறது.

5. அடையாளங்களுக்கு அர்த்தத்தை அந்த அதிகாரத்திலேயே தேடுங்கள்

தானியேல் 8இல் வரும் ஆட்டுக்கடா மேதிய பெர்சிய ராஜாக்கள் என்றும், வெள்ளாட்டுக்கடா கிரேக்க ராஜா என்றும் அதே அதிகாரத்தின் 20, 21 வசனங்கள் விளக்கிவிடுகின்றன. வெளிப்படுத்தின விசேஷம் 1:20 ஏழு நட்சத்திரங்களையும் ஏழு குத்துவிளக்குகளையும் அவ்வாறே விளக்குகிறது. அதிகாரத்துக்குள் விடை இல்லையென்றால் அதே புத்தகத்திலும், பின்னர் மற்றத் தீர்க்கதரிசிகளிடமும் தேடுங்கள். அங்கும் கிடைக்காவிட்டால் நோட்டில் ஒரு கேள்விக்குறி இட்டுவிட்டு மேலே செல்லுங்கள். என்னுடைய நோட்டில் இன்றும் நிறையக் கேள்விக்குறிகள் இருக்கின்றன. அவற்றை இன்றைய நாடுகளின் பெயர்களாலோ தலைவர்களின் பெயர்களாலோ நிரப்பத் தோன்றும் ஆசைக்கு மட்டும் இடங்கொடுக்காதீர்கள்.

6. கருத்து வேறுபாடுகளுக்கு முன்கூட்டியே ஆயத்தமாயிருங்கள்

வெளிப்படுத்தின விசேஷம் பெரும்பாலும் முதல் நூற்றாண்டைப் பற்றியது என்பாரும், சபையின் முழு வரலாற்றையும் விவரிப்பது என்பாரும், கடைசி நாட்களைப் பற்றியது என்பாரும், எக்காலத்துக்கும் பொருந்தும் உருவகங்கள் என்பாரும் உண்மையுள்ள விசுவாசிகளிடையே இருக்கிறார்கள். கிறிஸ்து ஆயிரம் வருடம் அரசாளுவார் எனும் ஆயிரவருட அரசாட்சி குறித்தும், விசுவாசிகள் முன்னதாகவே எடுத்துக்கொள்ளப்படுவார்கள் எனும் இரகசிய வருகை குறித்தும் அப்படியே. உங்கள் சபை எந்தப் போதனையைப் பின்பற்றுகிறது என்று போதகரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஆனால் முதல் வாசிப்பிலேயே ஒரு பக்கத்தில் நின்று வாதாடத் தொடங்காதீர்கள். கிறிஸ்து மகிமையோடு மறுபடியும் வருவார், உயிருள்ளோரையும் மரித்தோரையும் நியாயந்தீர்ப்பார் என்பது எல்லாரும் சேர்ந்து அறிக்கையிடும் விசுவாசப்பிரமாணத்தில் இருக்கிறது. நம்பிக்கை ஊன்றி நிற்பதற்கு அந்தத் தரை போதும்.

7. விழக்கூடிய குழிகள்

தேதி குறிப்பவர்கள். கிறிஸ்து வரும் நாள் 1844 அக்டோபர் 22 என்று, அமெரிக்கப் பிரசங்கியார் வில்லியம் மில்லரைப் பின்பற்றியவர்கள் காத்திருந்தார்கள். நியாயத்தீர்ப்பின் நாள் 2011 மே 21 என்று அமெரிக்க வானொலிப் பிரசங்கியார் ஹெரால்ட் கேம்பிங் அறிவித்தார், அதை நம்பிச் சிலர் வேலையையும் சேமிப்பையும் இழந்தார்கள். "பிதாவானவர் தம்முடைய ஆதீனத்திலே வைத்திருக்கிற காலங்களையும் வேளைகளையும் அறிகிறது உங்களுக்கு அடுத்ததல்ல" என்று உயிர்த்தெழுந்த ஆண்டவர் தம் சீஷர்களிடமே சொல்லியிருக்க, கணக்குப் போட்டுக் காட்டுபவர் எத்தனை வசனங்களை அடுக்கினாலும் நீங்கள் எழுந்து வந்துவிடலாம். நேரடியாகத் தேதி சொல்லாமல் "இந்தத் தலைமுறைக்குள்", "இன்னும் சில ஆண்டுகளில்" என்று சொல்வதும் அதே வகைதான். நான் விழுந்த குழி அதுவே.

பணம் கேட்கும் தீர்க்கதரிசனம். உங்கள் எதிர்காலத்தைப் பற்றித் தனிப்பட்ட வார்த்தை சொல்வதற்கு முன்னோ பின்னோ காணிக்கை கேட்கப்பட்டால், மீகா 3:11ஐத் திறந்து வாசியுங்கள். பணத்துக்காகக் குறிசொல்லும் தீர்க்கதரிசிகளைப் பற்றி அங்கே எழுதப்பட்டிருப்பது மிகவும் கடுமையானது. திருமணம், வேலை, மருத்துவம் ஆகியவற்றில் ஒருவர் சொன்ன வார்த்தையை மட்டும் நம்பி முடிவெடுக்காதீர்கள். குறிப்பாக, மருந்தை நிறுத்தச் சொல்லும் வார்த்தைக்கு ஒருபோதும் கீழ்ப்படியாதீர்கள்.

இந்தக் குழிகளுக்குப் பயந்து தீர்க்கதரிசனத்தையே ஒதுக்கிவிடுவதும் ஒரு குழி. "தீர்க்கதரிசனங்களை அற்பமாயெண்ணாதிருங்கள். எல்லாவற்றையும் சோதித்துப்பார்த்து, நலமானதைப் பிடித்துக்கொள்ளுங்கள்" என்று பவுல் எழுதும்போது இரண்டு கட்டளைகளும் அடுத்தடுத்தே நிற்கின்றன. நான் இரண்டாவதை அலட்சியம் செய்து புண்பட்டேன், பின்பு முதலாவதை அலட்சியம் செய்து வறண்டேன்.

8. வாசித்ததை ஒரு வேலையாக மாற்றுங்கள்

வாழ்க்கையின் நோக்கத்தைத் தேடித் தீர்க்கதரிசனங்களுக்கு வருபவர்கள், தங்களைப் பற்றிய இரகசியம் ஏதோ ஒரு வசனத்தில் ஒளிந்திருக்கும் என்று எதிர்பார்க்கிறார்கள். வேதத்தில் நோக்கம் வேறு விதமாக வருகிறது. ஆகாயின் புத்தகத்தில் தேதிகளைக் கவனியுங்கள்: பெர்சிய ராஜாவாகிய தரியுவின் இரண்டாம் வருடம் ஆறாம் மாதம் முதல் தேதியில் வார்த்தை உண்டாகிறது, அதே மாதம் இருபத்துநான்காம் தேதியில் ஜனங்கள் ஆலய வேலையைத் தொடங்கிவிடுகிறார்கள். இடையில் மூன்று வாரங்களுக்குச் சற்றே அதிகம். "வேலையை நடத்துங்கள், நான் உங்களுடனே இருக்கிறேன்" என்பதுதான் அவர்கள் பெற்ற வாக்குத்தத்தத்தின் வடிவம். தெசலோனிக்கேயருக்கு எழுதும்போதும், கர்த்தர் வானத்திலிருந்து இறங்கிவருவதைப் பற்றிப் பேசுவதற்குச் சற்று முன்புதான், அமைதலாயிருந்து சொந்தக் கைகளினால் வேலைசெய்யும்படி பவுல் சொல்கிறார்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி எரேமியா 32. பாபிலோன் படை எருசலேமை முற்றுகையிட்டிருக்கிறது. எரேமியா காவற்சாலையின் முற்றத்தில் அடைபட்டிருக்கிறார். நகரம் வீழும் என்று அறிவித்தவரே அவர்தான். அந்த நேரத்தில், ஆனதோத்தில் இருந்த நிலத்தைத் தம் உறவினரிடமிருந்து பதினேழு சேக்கல் வெள்ளிக்கு வாங்குகிறார். வெள்ளியைத் தராசில் நிறுத்துக் கொடுக்கிறார். பத்திரம் எழுதிச் சாட்சிகளை வைத்து முத்திரையிடுகிறார். முத்திரையிட்டதையும் திறந்திருப்பதையும் நெடுங்காலம் நிலைக்கும்படி ஒரு மண்பாண்டத்தில் வைக்கச் சொல்லித் தம் எழுத்தராகிய பாருக்கிடம் ஒப்படைக்கிறார். இந்தத் தேசத்தில் மறுபடியும் வீடுகளும் நிலங்களும் திராட்சத்தோட்டங்களும் வாங்கப்படும் என்பது அதற்கு அவர் பெற்ற காரணம். அந்த நிலத்தில் அவர் விதைத்ததாகவோ அறுத்ததாகவோ எங்கும் எழுதப்படவில்லை. பத்திரத்தை எழுதி முடித்தபின் அவர் செய்த ஜெபத்தில், நகரம் பகைவர் கையில் விழப்போகும் வேளையில் ஏன் என்னை நிலம் வாங்கச் சொன்னீர் என்ற திகைப்பும் இருக்கிறது. கீழ்ப்படிந்த பிறகும் கேள்வி கேட்கலாம் என்பதில் எனக்குப் பெரிய ஆறுதல்.

ஆகவே, ஒவ்வொரு புத்தகத்தையும் வாசித்து முடிக்கும்போது, இரண்டாம் கேள்விக்கு நீங்கள் எழுதிய பதில்களைத் திரட்டி, அவற்றிலிருந்து ஒரே ஒரு வேலையைத் தேர்ந்தெடுத்துத் தேதியிட்டு எழுதுங்கள். அது சிறியதாக, மூன்று வாரங்களுக்குள் தொடங்கக்கூடியதாக இருக்கட்டும்: பேச்சு நின்றுபோன சகோதரனுக்கு எழுத வேண்டிய கடிதம், தள்ளிப்போட்ட படிப்புக்கான விண்ணப்பம், துக்கத்தில் இருக்கும் ஒரு வீட்டுக்குச் செல்வது, நீங்கள் வாழும் ஊரின் நலனுக்காக நாள்தோறும் பத்து நிமிட ஜெபம். நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் அதைக் காட்டிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். நான் இவ்வாறு எழுதிய முதல் வேலை, விட்ட படிப்பை அஞ்சல் வழியில் மீண்டும் தொடங்குவது. பட்டம் பெற நான்கு ஆண்டுகள் ஆயின.

9. பயம் திரும்பி வந்தால்

வரும். பெரிய செய்தி ஒன்று வெளியாகும் நாளில், பழைய கூட்டத்தின் குரல் மறுபடி காதில் ஒலிக்கும். அப்போது புதிய அதிகாரங்களை நிறுத்திவிட்டு, 1 தெசலோனிக்கேயர் 4:13-18ஐ மட்டும் ஒரு வாரம் வாசியுங்கள். மரித்தவர்களைப் பற்றித் துக்கித்துக்கொண்டிருந்தவர்களுக்கு எழுதப்பட்ட அந்தப் பகுதி, "ஆகையால், இந்த வார்த்தைகளினாலே நீங்கள் ஒருவரையொருவர் தேற்றுங்கள்" என்று முடிகிறது. அதைத் தனியாக வாசிக்காமல் இன்னொருவரோடு சேர்ந்து சத்தமாக வாசியுங்கள். உறக்கமின்மை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் போதகரிடம் மட்டுமல்லாமல் மருத்துவரிடமும் செல்லுங்கள். அதில் விசுவாசக் குறைவு எதுவும் இல்லை. உறக்கம் சீரானபின், நோட்டில் நீங்கள் நிறுத்திய பக்கத்திலிருந்தே தொடரலாம்; பதினேழு வாரம் இருபத்தைந்து வாரமானாலும் குற்றமில்லை.